கோள் என்னும் பெயரும் வகைப்பாட்டின் அளவைகளும்: சென்னை, காவலூர் வானாய்வுகளை முன்வைத்து வளிமக் கோள்கள் குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வியாழன், சனி முதலியவற்றை ‘வாயுக் கோள்கள்’ என வழங்குவது தமிழில் நிலைபெற்றுவிட்டது. அவ்வழக்கு, அக்கோள்கள் முழுவதும் வளிமத்தால் ஆனவை என்ற எண்ணத்தையும், அவற்றின் ஊடே புகுந்து மறுபுறம் செல்ல இயலும் என்ற எண்ணத்தையும் கற்போரிடத்துத் தோற்றுவிக்கிறது. வான்பொருள்களுக்கு இடப்பெறும் வகைப்பெயர்கள் யாவும் ஒரே அளவையால் அமைந்தவை அல்ல. சில இயக்கத்தாலும், சில இடத்தாலும், சில உட்பொருளாலும் அமைந்தவை. ஓர் அளவையால் பிறந்த பெயரை மற்றோர் அளவையின் விடையாகக் கொள்ளும்போதே குழப்பம் நேர்கிறது. இதனைச் சங்க காலச் சொல்வழக்கு, நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் 19-ஆம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்புகள், காவலூர் வானாய்வகத்தின் 1972, 1977-ஆம் ஆண்டுப் பதிவுகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கோள்மீன், நாள்மீன், வளிமப் பெருங்கோள், பனிப் பெருங்கோள், சிறுகோள், குறுங்கோள், காவலூர், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் புறநகர் இருப்புப்பாதையில், திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையே அமைந்தது அண்ணனூர். அம்பத்தூர், ஆவடி ஆகிய தொழில் நகரங்களின் விளக்கொளி சூழ்ந்த இவ்வூரின் இரவு வானில் மங்கிய விண்மீன்கள் புலப்படுவதில்லை. ஆயினும் வெள்ளியும் வியாழனும் அவ்வொளியையும் மீறித் தெளிவாகத் தெரிகின்றன. நடைமேடையில் நின்று மேலே நோக்கும் ஒருவர்க்கு அவை இரண்டும் ஒளிப்புள்ளிகளே. அவற்றுள் ஒன்று பாறைக் கோள் என்பதும், மற்றொன்று காலூன்றத் தரையற்ற பெருங்கோள் என்பதும் கண்ணால் மட்டும் அறியக் கூடியன அல்ல.

அண்ணனூருக்குக் கிழக்கே, நகரின் நடுவில், நுங்கம்பாக்கம் உள்ளது. மேற்கே அதே இருப்புப்பாதை அரக்கோணத்தைக் கடந்து வாணியம்பாடி வழியாகச் சோலையார்பேட்டை வரை நீள்கிறது. அப்பாதைக்குத் தெற்கே எழும் சவ்வாது மலையில் காவலூர் உள்ளது. கிழக்கிலிருந்த வானாய்வகம் சிறுகோள்களைக் கண்டது. மேற்கிலுள்ள வானாய்வகம் பெருங்கோள்களின் சுற்றுப்புறத்தை ஆராய்ந்தது. கோள் என்பது யாது, விண்மீன் என்பது யாது, இரண்டிற்கும் இடைப்பட்டது யாது என்னும் வினாக்கள் இவ்விரு இடங்களிலும் வெவ்வேறு வடிவில் எழுந்தன. எனவே வளிமக் கோள்கள் பற்றி மாணவர் எழுப்பும் ஐயங்களுக்குத் தமிழ்நாட்டு வானாய்வு வரலாற்றைக் கொண்டே விடை காண இயலும்.

1. மீன் என்னும் பொதுப்பெயர்

பண்டைத் தமிழர் வானில் ஒளிர்வனவற்றை ‘மீன்’ என்னும் ஒரு பெயரால் சுட்டினர். அதனுள் நாள்மீன், கோள்மீன் என்னும் இருவகை கண்டனர். ஒன்றற்கொன்று இடைவெளி மாறாது, ஆண்டுதோறும் ஒரே ஒழுங்கில் தோன்றி மறைவன நாள்மீன்கள். அவற்றினிடையே இடம்பெயர்ந்து செல்வன கோள்மீன்கள். புறநானூறு சுட்டும் மைம்மீன் சனியைக் குறிப்பதாக உரையாளர் கொள்வர். வெள்ளி, செவ்வாய், காரி முதலிய பெயர்கள் நிறத்தின் அடிப்படையில் அமைந்தவை. வகைக்கு அடிப்படை இயக்கம். தனிப்பெயருக்கு அடிப்படை தோற்றம் என்னும் தெளிவான முறை இதில் காணப்படுகிறது.

ஒன்பது கோள்கள் என்னும் மரபும் இவ்வளவையால் பொருள்படுவதே. ஞாயிறும் திங்களும் நாள்மீன்களின் பின்புலத்தில் நாள்தோறும் இடம்பெயர்வதால் கோள்களாயின. இராகு, கேது என்பன, திங்களின் பாதை ஞாயிற்றின் தோற்றப் பாதையை வெட்டும் இரு புள்ளிகள். அவை ஒளியற்றவை எனினும் வானில் நகர்வனவாகக் கணிக்கப்பட்டமையால் அவ்வரிசையில் இடம்பெற்றன. ‘ஞாயிறு கோளா?’ என இன்று வினவுவோர், அப்பெயர் எவ்வளவையால் இடப்பட்டது என்பதை முதலில் வினவுதல் வேண்டும். இயக்கத்தை அளவையாகக் கொண்டால் அது கோள். தானே ஒளிர்தலை அளவையாகக் கொண்டால் அது விண்மீன். இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்குரிய விடைகள். கிரேக்க மொழியில் கோளைக் குறித்த சொல்லும் ‘அலைவது’ என்னும் பொருளுடையதே.

இவ்விடத்துக் ‘கோள்மீன்’ என்னும் தொடரின் நுட்பம் கருதத்தக்கது. கோளும் ஒருவகை மீனே என அத்தொடர் கொள்கிறது. பிற்கால வழக்கில் மீன் என்னும் பகுதி நீங்கிக் கோள் தனித்து நின்றது. விண்மீன் அதற்கு எதிர்வகை ஆயிற்று. இவ்விரண்டிற்கும் இடையே தெளிவான எல்லை உண்டு என்னும் எண்ணமும் உடன் வளர்ந்தது. அவ்வெல்லை எவ்வளவு மெல்லியது என்பதை வளிமக் கோள்கள் காட்டுகின்றன.

2. நுங்கம்பாக்கம் கண்ட சிறுகோள்கள்

வில்லியம் பெட்ரி என்பார் 1786-இல் எழும்பூரில் அமைத்த தனியார் வானாய்வகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறுப்பிற்கு வந்து, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் நிலைபெற்றது. அங்கு 1861-ஆம் ஆண்டு பொறுப்பேற்ற நார்மன் பொக்சன், அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோளாதலின் அது ‘ஆசியா’ எனப் பெயர் பெற்றது. தொடர்ந்து சாப்போ (1864), சில்வியா (1866), காமில்லா (1868), வேரா (1885) ஆகியவற்றையும் அவர் சென்னையிலிருந்து கண்டார்.

ஆசியா என்பது வரிசையில் 67-ஆவது சிறுகோள். இவ்வெண்ணே வகைப்பாட்டு வரலாற்றின் ஒரு திருப்பத்தைக் காட்டுகிறது. 1801 சனவரி 1-ஆம் நாள் பியாசி கண்டறிந்த சீரிசு முதலில் கோளாகவே கொள்ளப்பட்டது. அதே பகுதியில் பல்லாசு, சூனோ, வெசுட்டா ஆகியன அடுத்தடுத்துக் காணப்பட்டபோது அவையும் கோள் வரிசையிற் சேர்ந்தன. தொலைநோக்கியிலும் புள்ளியாகவே தோன்றியமையால் வில்லியம் எர்செல் 1802-இல் அவற்றிற்கு ‘விண்மீன் போல்வன’ என்னும் பொருள்படும் பெயரை முன்மொழிந்தார். அப்பெயர் தோற்றத்தால் அமைந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவற்றின் எண்ணிக்கை பெருகவே, அவை கோள் பட்டியலினின்றும் நீக்கப்பட்டுத் தனி வரிசை எண் பெற்றன. ஒரே பகுதியில் பலவாக இருத்தல் என்னும் இட அளவை அங்கு முதன்மை பெற்றது.

‘நிலா உடையது கோள்; அஃதில்லாதது கோளன்று’ எனக் கருதுவாரும் உளர். இக்கருத்திற்குப் பொக்சன் கண்ட சில்வியாவே மறுப்பாகிறது. சில்வியாவிற்கு ஒரு துணைக்கோள் உண்டு என்பது 2001-இல் கண்டறியப்பட்டது. இரண்டாவது துணைக்கோள் 2005-இல் அறிவிக்கப்பட்டது. இரு துணைக்கோள்களை உடையதாக அறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. பின்னர்க் காமில்லாவிற்கும் இரு துணைக்கோள்கள் உள்ளமை தெரியவந்தது. மறுதலையாக, வெள்ளிக்கும் புதனுக்கும் துணைக்கோள்கள் இல்லை. எனவே துணைக்கோள் உடைமை கோள்தன்மைக்கு அளவையாகாது.

இதே சிக்கல் புளூட்டோவை ஒட்டி மீண்டும் எழுந்தது. 1930-இல் கண்டறியப்பட்ட புளூட்டோ ஒன்பதாவது கோள் எனப்பட்டது. 1992 முதல் அதன் வட்டாரத்திலேயே எண்ணற்ற பனிப்பொருள்கள் காணப்பட்டன. அளவில் புளூட்டோவோடு ஒப்பிடத்தக்க ஈரிசு 2005-இல் அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் 2006 ஆகத்து 24-ஆம் நாள் பிராகு நகரில் மூன்று நிபந்தனைகளை வரையறுத்தது. ஞாயிற்றைச் சுற்றிவருதல், தன் ஈர்ப்பாலேயே ஏறத்தாழக் கோளவடிவம் பெற்றிருத்தல், தன் சுற்றுப்பாதையின் அண்மைப் பகுதியில் பிற பொருள்கள் இன்றித் தானே மேலோங்கி நிற்றல் என்பன அவை. முதல் இரண்டும் பொருந்தி, மூன்றாவது பொருந்தாமல், துணைக்கோளாகவும் அமையாதது குறுங்கோள். சீரிசும் புளூட்டோவும் இவ்வகையில் அடங்கின. சீரிசு, கோளாகத் தொடங்கிச் சிறுகோளாகிப் பின் குறுங்கோளுமாயிற்று. அப்பொருளில் மாற்றம் ஏதும் நேரவில்லை. வினவப்பட்ட வினாவே மாறிற்று.

3. காவலூர்ப் பதிவுகள்: துணைக்கோளா, வளையமா?

நுங்கம்பாக்கத்து வானாய்வுப் பணிகள் 1899-இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. விண்மீன் ஆய்விற்கு ஏற்ற இருண்ட வானை நாடி, வைணு பாப்பு 1960-களின் இறுதியில் காவலூரில் புதிய வானாய்வகத்தை நிறுவினார். அங்கு 1972-இல் 102 செ.மீ. விட்டமுள்ள எதிரொளிப்புத் தொலைநோக்கி அமைக்கப்பட்டது.

1972 சூன் 7-ஆம் நாள் வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனின் முன்னே கடந்து சென்றது. அந்நிகழ்வு காவலூரிலிருந்தும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலிருந்தும் பதிவுசெய்யப்பட்டது. வளிமண்டலம் அற்ற பொருள் விண்மீனை மறைக்குமாயின் ஒளி ஒரு நொடியில் அற்றுப்போகும். வளிமண்டலம் உண்டெனில் ஒளி படிப்படியாகத் தேயும். அன்றைய பதிவு, கானிமீடிற்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்னும் முடிவிற்கு இடமளித்தது. 1979-இல் வாயேசர் விண்கலம் அவ்வளவு அடர்த்தியான வளிமண்டலத்தைக் காணவில்லை. பின்னர் 1990-களில் அபிள் தொலைநோக்கி, மிக மெல்லிய ஆக்சிசன் படலம் இருப்பதைக் காட்டிற்று.

கானிமீடின் விட்டம் ஏறத்தாழ 5,268 கி.மீ.; புதனின் விட்டம் ஏறத்தாழ 4,879 கி.மீ. பெரிதாகிய கானிமீடு துணைக்கோள் எனவும், சிறிதாகிய புதன் கோள் எனவும் வழங்கக் காரணம் யாது? கானிமீடு வியாழனைச் சுற்றுகிறது; புதன் ஞாயிற்றைச் சுற்றுகிறது. துணைக்கோள் என்பது உறவுப்பெயர். மகன் என்னும் சொல் ஒருவரது உயரத்தைச் சுட்டாதவாறு போல, துணைக்கோள் என்னும் சொல்லும் ஒரு பொருளின் பருமையையோ உட்பொருளையோ சுட்டுவதில்லை.

1977 மார்ச்சு 10-ஆம் நாள் யுரேனசு ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. அமெரிக்க ஆய்வாளர் எலியட், டன்காம், மிங்கு ஆகியோர் வானூர்தியில் பொருத்திய தொலைநோக்கியின் வழியே இந்தியப் பெருங்கடலின் மேலிருந்து அதனைப் பதிவுசெய்தனர். காவலூரில் சே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் பதிவுசெய்தனர். விண்மீன் யுரேனசின் வட்டிற்கு வெளியே இருந்தபோதே அதன் ஒளி தாழ்ந்தமை காணப்பட்டது. கோளுக்கு அப்பால் ஏதோ ஒன்று விண்மீனை மறைத்தது. அஃது யாது?

காவலூர்க் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் முதலில் வெளியிட்ட குறிப்பு, அதனை யுரேனசின் புதிய துணைக்கோள் எனக் கொண்டது. வானூர்திப் பதிவிலோ கோளின் இருபுறமும் ஒளித்தாழ்வுகள் ஒத்த தொலைவில் அமைந்திருந்தன. தனித்த துணைக்கோள் ஒன்று இருபுறத்தும் அவ்வாறு மறைத்தல் இயலாது. கோளைச் சூழ்ந்த வளையமே அங்ஙனம் மறைக்கும். அவ்வாண்டிலேயே பட்டாச்சாரியாவும் வைணு பாப்புவும் யுரேனசின் வளையத் தொகுதி குறித்து எழுதினர். அளவுக்கருவி காட்டியது ஒளியின் தாழ்வை மட்டுமே. அத்தாழ்விற்கு உரிய வகைப்பெயரை ஒப்பீடே தந்தது. தனித்த ஒரு பதிவைக் கொண்டு பெயரிடுவதில் உள்ள இடரையும், பெயரைத் திருத்திக்கொள்ளும் ஆய்வு நேர்மையையும் இந்நிகழ்வு ஒருங்கே காட்டுகிறது.

வளையம் என்னும் சொல்லும் தோற்றத்தால் அமைந்ததே. 1852-இல் சென்னை வானாய்வகத்தின் வில்லியம் சிடீபன் சேக்கப்பு, சனியின் மங்கிய உள்வளையத்தின் ஊடே கோளின் உடல் புலப்படுவதை நோக்கினார். இங்கிலாந்து வானியலார் லாசலும் ஏறத்தாழ அதே காலத்தில் அதனைக் கண்டார். சனியின் வளையம் ஒரே திண்ம வட்டாக இருக்க இயலாது என்பதையும், எண்ணற்ற தனித்தனித் துகள்களால் ஆனது என்பதையும் மாக்சுவெல் அடுத்த சில ஆண்டுகளில் கணித வழியே நிறுவினார். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு வளையமாகத் தோன்றுவது, அண்மையில் எண்ணற்ற நுண்ணிய துணைப்பொருள்களின் கூட்டமாகும்.

4. வளிமக் கோளின் உட்பொருள்

உட்பொருளால் அமைந்த பெயர்களுள் தலையாயது ‘வாயுக் கோள்’ அல்லது ‘வளிமப் பெருங்கோள்’ என்பது. இதற்கு ஒத்த ஆங்கிலத் தொடர் வானியலாரால் ஆக்கப்பட்டதன்று. அறிவியல் புனைகதை எழுத்தாளர் சேம்சு பிளிசு 1952-இல் அதனைக் கையாண்டார். பின்னரே அது துறைவழக்கில் நிலைபெற்றது. கதைக்குப் பொருந்திய அச்சொல்லைக் கொண்டு கோளின் உள்ளமைப்பை உய்த்துணர முயல்வதே பல ஐயங்களுக்குக் காரணமாகிறது.

வியாழன் வளிமத்தால் ஆனதெனில், விண்கலம் ஒன்று அதன் ஊடே நுழைந்து மறுபுறம் வெளிப்படலாகாதா என்பது அவ்வையங்களுள் முதன்மையானது. இதற்குக் கலிலியோ விண்கலம் அனுப்பிய ஆய்வுக்கலன் நேரடி விடை தந்தது. 1995 திசம்பர் 7-ஆம் நாள் வியாழனின் வளிமண்டலத்தில் இறங்கிய அக்கலன் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகவே செய்தி அனுப்பிற்று. புவியின் தரைமட்டக் காற்றழுத்தத்தைப்போல் இருபது மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தத்தை எட்டிய நிலையில் அது செயலிழந்தது. அது கடந்த ஆழம் ஏறத்தாழ 150 கி.மீ. மட்டுமே. வியாழனின் நடுக்கோட்டு ஆரமோ ஏறத்தாழ 71,500 கி.மீ.

வியாழனின் நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஹைட்ரஜன். எஞ்சியதில் பெரும்பகுதி ஹீலியம். இவ்விரண்டும் புவியின் தரையில் வளிமங்கள் என்பதே பெயருக்குக் காரணம். ஆனால் வளிமம் என்பது பொருளின் பெயரன்று, பொருளின் நிலை. குடத்து நீரும் கொதிகலத்து நீராவியும் ஒரே பொருளின் இரு நிலைகள் ஆதல் போன்றது இது. வியாழனின் உள்ளே செல்லச் செல்ல அழுத்தமும் வெப்பமும் பெருகுகின்றன. ஹைட்ரஜன் அங்கு வளிமமும் நீர்மமும் பிரித்தறிய இயலாத ஒரு நிலையை அடைகிறது. கடலுக்கும் காற்றிற்கும் இடையே உள்ளது போன்ற மேற்பரப்பு அங்கு இல்லை. வளிமம் எங்கு முடிந்து நீர்மம் எங்குத் தொடங்கிற்று எனக் கோடிட்டுக் காட்ட இயலாது. இன்னும் ஆழத்தில், புவிக் காற்றழுத்தத்தின் பத்து இலட்சம் மடங்கிற்கும் மேற்பட்ட அழுத்தத்தில், ஹைட்ரஜன் மாழைபோல மின்னைக் கடத்துகிறது. இத்தகைய நிலை இயலும் என்பதை விக்னரும் அண்டிங்டனும் 1935-இல் கோட்பாட்டளவில் கூறினர். வியாழனின் வலிய காந்தப்புலத்திற்கு மூலம் இம்மாழைநிலை ஹைட்ரஜனே. ஆகவே ‘வளிமக் கோள்’ எனப்படும் வியாழனின் நிறையில் மிகப் பெரும்பகுதி, வழக்கமான பொருளில் வளிமமே அன்று.

எனின், வியாழனின் ஆரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது? புவியின் தரைமட்டக் காற்றழுத்தத்திற்கு ஏறத்தாழ ஒத்த அழுத்தம் நிலவும் மட்டத்தை மேற்பரப்பாகக் கொள்வது ஆய்வாளரின் உடன்பாடு. காலூன்ற இயலாத அம்மட்டம் அளவையின் பொருட்டு வகுக்கப்பட்ட ஒன்று. வியாழனுக்குத் திண்ம உள்ளகம் உண்டா என்னும் வினாவிற்கும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்னும் ஒரு சொல் விடை பொருந்துவதில்லை. 2016 முதல் வியாழனைச் சுற்றிவரும் சூனோ விண்கலத்தின் ஈர்ப்பு அளவீடுகள், கன தனிமங்கள் நடுவில் திரண்டு தெளிவான எல்லையோடு அமையாமல், ஹைட்ரஜனோடு கலந்து பரவியிருப்பதைச் சுட்டுகின்றன.

சனியின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.69 கிராம். நீரினும் குறைவாதலின், போதிய அளவுள்ள கடலில் சனி மிதக்கும் என்பர். ஒப்பீட்டுக்கு இது துணைசெய்யும்; உண்மை நிகழ்வாகக் கொள்ளற்பாலதன்று. அடர்த்தி குறைந்திருப்பது சராசரியில் மட்டுமே. உட்பகுதி நீரினும் பன்மடங்கு செறிந்தது. மேலும், சனியை ஏந்தத்தக்க நீர்ப்பரப்புத் தன் ஈர்ப்பாலேயே ஒரு கோளாகச் சுருங்கிவிடும்.

யுரேனசும் நெப்டியூனும் நெடுங்காலம் இவ்வகையிலேயே அடக்கப்பட்டிருந்தன. அவற்றில் ஹைட்ரஜனும் ஹீலியமும் நிறையில் சிறுபங்கே உள்ளன. நீர், அம்மோனியா, மீத்தேன் ஆகியவற்றோடு பாறைப்பொருளும் சேர்ந்ததே எஞ்சிய பெரும்பகுதி எனக் கொள்ளப்படுகிறது. இதனால் 1990-கள் முதல் அவை ‘பனிப் பெருங்கோள்கள்’ எனத் தனித்துச் சுட்டப்படலாயின. இங்கும் பெயர் மயக்கம் தரும். கோள்கள் உருவான காலத்தில் ஞாயிற்றினின்றும் சேய்மையில் உறைந்து திரளக்கூடிய பொருள்களே இங்குப் ‘பனி’ எனப்படுகின்றன. இன்று அக்கோள்களின் உள்ளே அப்பொருள்கள் ஆயிரக்கணக்கான பாகை வெப்பத்தில் செறிந்த பாய்மமாக உள்ளன. பனி என்பது அவற்றின் பிறப்பைச் சுட்டும் பெயரே அன்றி, இன்றைய நிலையைச் சுட்டுவதன்று.

வளிமக் கோள்களின் இரண்டாம் முதன்மைப் பொருளாகிய ஹீலியத்தின் வரலாற்றிலும் சென்னை மாகாணத்திற்கு இடமுண்டு. 1868 ஆகத்து 18-ஆம் நாள் நிகழ்ந்த முழு ஞாயிற்று மறைப்பைக் குண்டூரிலிருந்து சான்சனும், மசூலிப்பட்டினத்திலிருந்து பொக்சனும் நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தனர். அவ்வாண்டில் ஞாயிற்றின் ஒளியில் காணப்பட்ட மஞ்சள் கோடு, அதுவரை அறியப்படாத தனிமம் ஒன்றற்கு உரியது என லாக்கியர் கருதினார். கிரேக்க மொழியில் ஞாயிற்றைக் குறிக்கும் சொல்லால் அது ஹீலியம் எனப்பட்டது. புவியில் அத்தனிமம் 1895-இல்தான் பிரித்தறியப்பட்டது.

5. கோளுக்கும் விண்மீனுக்கும் இடையே

ஞாயிறும் வியாழனும் பெரும்பாலும் ஒரே பொருள்களால் ஆனவை எனின், ஒன்று விண்மீனாகவும் மற்றொன்று கோளாகவும் இருப்பது ஏன்? ஹைட்ரஜன் தீப்பற்றக் கூடியது ஆதலால் வியாழனைப் பற்றவைக்க இயலுமா? பின்னதற்கு விடை எளிது. எரிதலுக்கு ஆக்சிசன் வேண்டும். வியாழனில் தனித்த ஆக்சிசன் வளிமம் இல்லை. அடுப்புத் தீயைப்போல் ஞாயிறும் எரிவதில்லை. ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாதலால் ஞாயிற்றின் ஆற்றல் பிறக்கிறது. அவ்விணைவிற்கு வேண்டிய வெப்பத்தையும் அழுத்தத்தையும் தரவல்லது நிறை ஒன்றே.

இந்நிறையின் கீழெல்லையை இந்தியாவில் பிறந்த சிவ் குமார் 1960-களின் தொடக்கத்தில் கணித்தார். ஞாயிற்றின் நிறையில் ஏறத்தாழ 7 அல்லது 8 விழுக்காட்டிற்குக் குறைந்த பொருளில் ஹைட்ரஜன் இணைவு நிலைபெறாது. இது வியாழனின் நிறையைப்போல் ஏறத்தாழ 75 முதல் 80 மடங்கு. ஆதலின் வியாழனைத் ‘தோற்றுப்போன விண்மீன்’ எனல் மிகைக்கூற்று. எல்லைக்குச் சற்றே கீழ்ப்பட்ட பொருள்களுக்குப் ‘பழுப்புக் குறுமீன்’ என்னும் பெயரைச் சில் டார்ட்டர் 1975-இல் வழங்கினார். ஐயத்திற்கு இடமற்ற முதற் பழுப்புக் குறுமீன்கள் 1995-இல் அறிவிக்கப்பட்டன. ஏறத்தாழ 13 வியாழ நிறைக்கு மேற்பட்டவற்றில் கன ஹைட்ரஜன் மட்டும் சிறிது காலம் இணைவுறும். இதனைக் கோளின் மேலெல்லையாகக் கொள்ளும் வழக்கு உண்டு. உருவாகிய முறையையே எல்லையாகக் கொள்ள வேண்டும் என்பாரும் உளர்.

வியப்பிற்குரியது யாதெனில், வியாழனைப்போல் பன்மடங்கு நிறையுடைய பழுப்புக் குறுமீனும் பருமையில் பெரும்பாலும் வியாழனை ஒத்தே இருக்கும். மேலும் மேலும் பொருள் சேரச் சேர ஈர்ப்பு மிகுந்து உட்பகுதி நெருக்கப்படுவதால், ஆரம் பெருகுவதில்லை. பருமை ஒன்றைக் கொண்டு இரண்டையும் வேறுபடுத்தல் இயலாது. கோளையும் மீன் என்னும் பொதுப்பெயருள் அடக்கிய ‘கோள்மீன்’ என்னும் பழந்தொடர், இத்தகைய இடைநிலைப் பொருள்களின் முன் புதுப்பொருள் பெறுகிறது. பண்டையோர் இவற்றை அறிந்திருந்தனர் என்பது இதன் கருத்தன்று. ஒளிர்வன அனைத்தையும் ஒரு பேரினத்தில் வைத்து, உள்வகை காணும் முறை இன்றைய தேவைக்கும் பொருந்துகிறது என்பதே கருத்து.

பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் பற்றிய வினாவும் சென்னையில் எழுந்த ஒன்றே. 70 ஒப்பியூக்கி என்னும் இரட்டை விண்மீனின் இயக்கத்தில் கணக்கிற்கு அடங்காத பிறழ்ச்சி உண்டு எனவும், கண்ணுக்குப் புலனாகாத கோள் ஒன்று அதற்குக் காரணமாதல் கூடும் எனவும் சேக்கப்பு 1855-இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் அக்கோளை மெய்ப்பிக்கவில்லை. ஆயினும் ஞாயிற்றுக் குடும்பத்திற்கு அப்பால் ஒரு கோள் உண்டென அளவீட்டின் அடிப்படையில் முன்வைக்கப்பட்ட தொடக்ககாலக் கூற்றுகளுள் அது முதன்மையானது. ஞாயிற்றை ஒத்த விண்மீனைச் சுற்றும் கோள், 51 பெகாசி என்னும் விண்மீனிடத்து 1995-இல் கண்டறியப்பட்டது. வியாழனின் நிறையில் ஏறத்தாழப் பாதியளவினதாகிய அது, தன் விண்மீனை நான்கே நாளில் சுற்றுகிறது. வளிமப் பெருங்கோள்கள் விண்மீனுக்குச் சேய்மையிலேயே இருக்கும் என்னும் எண்ணத்தை அது தகர்த்தது. உட்பொருளையும் இடத்தையும் ஒன்றாகக் கருதியதன் பிழை அதனால் வெளிப்பட்டது.

6. தமிழ்க் கலைச்சொற்களும் அளவைத் தெளிவும்

மேற்கண்டவற்றை நோக்க, தமிழில் வழங்கும் சில கலைச்சொற்கள் மறுபார்வைக்கு உரியன. ‘சிறுகோள்’, ‘குறுங்கோள்’ என்னும் இரண்டும் சொல்லளவில் ஒரே பொருள் தருவன. ஆனால் முன்னது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் மிகுந்து காணப்படும் பாறைப் பொருள்களையும் அவை போல்வனவற்றையும் குறிக்கும். பின்னது கோளவடிவம் பெற்றும் தன் பாதையில் மேலோங்காத பொருளைக் குறிக்கும். இரண்டும் பருமையால் மட்டும் வேறுபடுவன என மாணவர் கொள்ள இடமுண்டு. சீரிசு இரண்டிற்கும் உரியது என்பதனைக் காட்டி, இவை வெவ்வேறு அளவைகளால் அமைந்த பெயர்கள் என விளக்குதல் வேண்டும்.

‘புறக்கோள்’ என்னும் சொல் இருபொருளில் வழங்குகிறது. வியாழன் முதலாய நான்கினையும் புறக்கோள்கள் என்பர். பிற விண்மீன்களைச் சுற்றுவனவற்றையும் அப்பெயரால் சுட்டுவர். முன்னதை ‘வெளிப்புறக் கோள்’ எனவும், பின்னதை ‘புறவிண்மீன் கோள்’ எனவும் பிரித்து வழங்கினால் மயக்கம் தீரும். ‘வெளிப்புறக் கோள்’ இடப்பெயர், ‘பெருங்கோள்’ அளவுப்பெயர், ‘வளிமப் பெருங்கோள்’, ‘பனிப் பெருங்கோள்’ என்பன உட்பொருட்பெயர்கள். ஞாயிற்றுக் குடும்பத்தில் இவை ஒரே நான்கு கோள்களில் ஒன்றுபடுவதால் ஒருபொருட் பன்மொழிபோல் தோன்றுகின்றன. பிற விண்மீன்களிடத்து அவ்வொற்றுமை இல்லை.

‘வாயுக் கோள்’ என்பதைக் காட்டிலும் ‘வளிமப் பெருங்கோள்’ என்பது பெருமையையும் உடன் சுட்டுவதால் ஏற்புடையது. அதனினும் முதன்மையானது, அச்சொல்லை அறிமுகம் செய்யுமிடத்தே ‘புவியில் வளிமமாக உள்ள பொருள்களால் ஆன கோள்’ என விரித்துரைத்தல். அவ்வொரு தொடரே, கோளின் ஊடே செல்லலாம் என்னும் எண்ணத்தைத் தொடக்கத்திலேயே தடுக்கும்.

முடிவுரை

1. கோள், சிறுகோள், துணைக்கோள், வளிமக் கோள் ஆகியன ஒரே ஏணியின் படிகள் அல்ல. அவை இயக்கம், இடம், உறவு, உட்பொருள் என்னும் வெவ்வேறு அளவைகளால் அமைந்தவை.

2. சென்னை வானாய்வகம் கண்ட சில்வியா, காமில்லா ஆகியன துணைக்கோள் உடைமை கோளுக்கு அடையாளமன்று என்பதனை நிறுவுகின்றன. துணைக்கோள் எனக் கருதப்பட்டது வளையமாதலைக் காவலூரின் 1977-ஆம் ஆண்டுப் பதிவு காட்டுகிறது.

3. வளிமப் பெருங்கோளின் பெரும்பகுதி வளிம நிலையில் இல்லை; பனிப் பெருங்கோளின் உட்பகுதி உறைந்ததும் அன்று. பெயர்கள் மூலப்பொருளைச் சுட்டுவன. நிலையைச் சுட்டுவன அல்ல.

4. கோளுக்கும் விண்மீனுக்கும் இடையிலுள்ள எல்லையை நிறையே வகுக்கிறது. அவ்வெல்லையில் பருமையும் தோற்றமும் துணைசெய்வதில்லை.

அண்ணனூர் வானில் தெரியும் வியாழனைச் சுட்டி, ‘அது வளிமம்தானே, உள்ளே புகலாமா?’ என ஒரு மாணவர் வினவுவாராயின், அவ்வினா அறியாமையால் எழுந்ததன்று. அவர் கற்ற சொல்லிலிருந்து முறையாகப் பெற்ற முடிவே அது. திருத்தம் வேண்டுவது சொல்லை அறிமுகம் செய்யும் முறையிலாம். ஒரு பெயரைக் கற்பிக்கும்போது, அப்பெயர் எவ்வினாவிற்கு விடையாகப் பிறந்தது என்பதனையும் உடன் கற்பித்தல் தமிழ்வழி அறிவியல் கல்விக்கு இன்றியமையாதது.